சைரன் ஓய்ந்த பிறகு அடுப்பு மூட்டுவது யார்? மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை மாவட்ட ஆட்சியர் (மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர் என்ற முறையில்), மாநகராட்சி ஆணையர், மகளிர் திட்ட அலுவலர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். 2025 மே 7 அன்று நாட்டின் பல இடங்களில் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. வான்தாக்குதல் சைரன், பொதுமக்களுக்குத் தற்காப்புப் பயிற்சி, விளக்கணைப்பு, முக்கிய ஆலைகளை மறைத்து வைத்தல், மக்களை வெளியேற்றும் திட்டம் ஆகியவற்றை ஒத்திகை பார்க்கச் சொன்னது உள்துறை அமைச்சகம். வெளியேற்றுகிறோம், சரி. வெளியேறி வந்தவர்கள் எங்கே இறங்குவார்கள்? அங்கே அவர்களுக்காக யார் நிற்பார்கள்? இந்த மடல் அதைப் பற்றியது மட்டும்தான்.

மதுரை எல்லை ஊர் இல்லை, துறைமுகமும் இல்லை; போர் வந்தால் இங்கே என்ன ஆகிவிடப் போகிறது என்று அலட்சியமாக இருந்துவிடலாம். ஆனால் தூத்துக்குடி துறைமுகம், கூடங்குளம், ராமநாதபுரம் கடற்கரை என எங்கிருந்து ஆட்கள் கிளம்பினாலும் ரயிலும் ரோடும் அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது மதுரையில்தான். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின் மீதும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானியர் குண்டு போட்டதும் சென்னை நகரம் பாதிக்கு மேல் காலியாகி, சனம் உள்மாவட்டங்களில் சொந்தபந்தங்களின் வீடுகளைத் தேடி ஓடியது. அதே ஆண்டு பர்மாவிலிருந்து நடந்தே வந்த தமிழர்கள் தனி. தாக்கப்படும் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வேண்டும். ஆட்களை ஏற்கும் ஊருக்கு அண்டாவும் பதிவேடும் வேண்டும். மதுரை இரண்டாவது வகை.

பிரிட்டனில் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். ஊர்களை ஆள் வெளியேறும் பகுதி, ஆள் ஏற்கும் பகுதி, இரண்டும் அல்லாத பகுதி என்று மூன்றாகப் பிரித்தார்கள். 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மாரும், நகரங்களை விட்டு வெளியேறினார்கள். அவர்களை எதிர்கொண்டு ஏற்றதில் பெரும் பங்கு, ஸ்டெல்லா ரீடிங் 1938இல் தொடங்கிய மகளிர் தன்னார்வ அமைப்புக்கு உண்டு. போரின் உச்சத்தில் அதில் பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். வீட்டுவேலை போக வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தந்தவர்கள். அந்தச் சில மணி நேரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வேலை ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் அது ஓடியது.

நம் பக்கத்தில் மேடைதோறும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, 1971 டிசம்பரில் குஜராத்தின் பூஜ் விமான ஓடுதளத்தை 72 மணி நேரத்தில் செப்பனிட்ட மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர். அவர்களுடைய துணிச்சலைப் பேசும் யாரும், முதல் நாள் இரவு அவர்கள் சாப்பாடில்லாமல் படுத்ததைப் பேசுவதில்லை. அதை அந்தப் பெண்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஓடுதளத்துக்கு சிமெண்ட் வந்தது, வேலை செய்தவர்களுக்குச் சோறு வரவில்லை. குடிமைப் பாதுகாப்பின் பன்னிரண்டு பிரிவுகளில், இப்படிப்பட்ட சோறு, தங்குமிடம் போன்றவற்றைக் கவனிக்க வேண்டிய நல்வாழ்வுப் பிரிவும் ஒன்று. காகிதத்தில் இருக்கும் அந்தப் பிரிவுக்கு மதுரையில் உயிர் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு முகாம், 400 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோளாறு இடக் கணக்கில். ஒரு வகுப்பறையில் 40 பிள்ளைகள் உட்காருகிறார்கள், எனவே பத்து வகுப்பறைகளில் 400 பேரைத் தங்க வைக்கலாம் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். உட்காருவது வேறு, மூட்டை முடிச்சோடு படுப்பது வேறு. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் என்பது உலகெங்கும் முகாம்களுக்கு ஒப்புக்கொண்ட அளவு. இருபதடிக்கு இருபதடி அறை 37 சதுர மீட்டர். பெஞ்சை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டாலும் 10 பேர்தான். முதல் இரவு நெருக்கி 15 பேரைப் படுக்க வைக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஆகவே 400 பேருக்கு ஒரு பள்ளி போதாது. பள்ளியோடு பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றையும் சேர்த்தே பட்டியலில் எழுதுங்கள். சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். தலைமையாசிரியர் ஒத்தக்கடையிலும் வாட்ச்மேன் திருமங்கலத்திலும் குடியிருந்தால் நள்ளிரவில் வந்து இறங்கும் கூட்டம் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். இரண்டாவது சாவி அந்தப் பகுதி மகளிர் கூட்டமைப்பில் (சுய உதவிக் குழுக்கள் சேர்ந்த அமைப்பு) இருக்கட்டும்.

கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, நாள் நீண்டால் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. தொடக்கப் பள்ளிக் கழிப்பறைகள் சின்னப் பிள்ளைகள் அளவுக்குக் கட்டியவை. வயதானவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கயிறோ பிளாஸ்டிக் ஸ்டூலோ இல்லாவிட்டால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். மே மாத மதுரை வெயிலில் அது நேரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 400 பேருக்கு 6,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் 60 வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி விளக்கணைத்தால் பள்ளியின் மோட்டாரும் நின்றுவிடும் என்பதை எந்த ஒத்திகைத் திட்டத்திலும் நாங்கள் பார்க்கவில்லை. மாலை 5 மணிக்குள் மேல்தொட்டியை நிரப்பும் பொறுப்பைப் பேர் போட்டு ஒருவரிடம் கொடுக்க வேண்டும். லாரித் தண்ணீரானால் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். பொடியை அப்படியே தொட்டியில் கொட்டுவதும், வாய் திறந்து மாதக்கணக்காகக் கிடக்கும் மூட்டையிலிருந்து அள்ளுவதும்தான் வழக்கமாக நடக்கும் தப்பு. திறந்து கிடக்கும் பவுடர் வீரியம் இழந்துவிடும். நாற்றம் மட்டும் மிஞ்சும். தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பை வைத்துப் பார்த்து, குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை காட்டினால்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். கூட்டமைப்பில் இருவர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது இது.

சமையலுக்கு வருவோம். இங்கே நீங்கள் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. அளவு பார்த்து, நேரம் பார்த்துச் சமைத்துப் பழகிய சுய உதவிக் குழுப் பெண்கள் அந்தத் திட்டத்தால் உருவாகியிருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது, முகாமின் முதல் வேளைக்குச் சாம்பார் ஆகாது என்பதைத்தான். பருப்பு வேக வேண்டும், காய் நறுக்க வேண்டும், மிஞ்சினால் ஊசிப்போகும். முதல் வேளைக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை முன்பே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி ஜாடியில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று 400 பேருக்கு 50 கிலோ; 4 முதல் 5 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ புளிக்காய்ச்சல், ஆக 10 முதல் 12 கிலோ. ஓர் ஈட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போனால் அடி குழையும், மேல் நறுக்கரிசியாக நிற்கும். ஐந்து ஈடு வடித்து, துவைத்த வெள்ளைத் துணி விரித்த பாயில் கொட்டி ஆற்றிக் கிளற வேண்டும். சூட்டோடு அண்டாவில் அமுக்கி மூடி வைத்தால் சோறு வேர்த்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்ட வாடை வந்துவிடும். தேங்காய்ச் சட்னியை முகாம் பக்கமே கொண்டுவர வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் தனியாக நொய்க்கஞ்சி: கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர், உப்பு, கொஞ்சம் பாசிப்பருப்பு.

கேஸ் அடுப்பில் ஒரு கோளாறைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் பெரிய பர்னர் இரண்டைச் சேர்த்து முழுவேகத்தில் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளிப்புறம் பனி பூக்கும். உள்ளே கேஸ் இருந்தும் அழுத்தம் இறங்கி, தீ சிறுத்துவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். அப்போது திரவமே குழாய்க்குள் இறங்கி, அடுப்பிலிருந்து ஆளுயரத்துக்குத் தீ எழும். முகாம் தீ விபத்துக்கு இதைவிட நேர்வழி கிடையாது. செய்ய வேண்டியது சுலபம்: பர்னருக்கு ஒரு சிலிண்டர், மாற்று ஒன்று, எப்போதும் நிமிர்ந்த நிலையில், கூரைக்கு வெளியே, காற்றோட்டத்தில். விறகடுப்பு என்றால் விளக்கணைப்பு நேரத்தில் முற்றத்துத் தணல் வானத்திலிருந்து தெரியும். எனவே இராச்சாப்பாடு சாயங்காலம் 5.30க்குள் இறங்கிவிட வேண்டும். இருட்டிய பிறகு அடுப்பு இல்லை; பிளாஸ்க் வெந்நீர் மட்டும்.

விளக்கணைப்பில் பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். மின்வாரியம் லைனை நிறுத்தினால் ஊர் இருண்டுவிடும் என்பது பழைய காலக் கணக்கு. இன்றைக்கு லைன் போனதும் இன்வெர்ட்டர் எரியும், கடை போர்டு பேட்டரியில் எரியும், ஊராட்சிகளின் சோலார் தெருவிளக்கு தன்பாட்டுக்கு எரியும். ஒவ்வொரு சோலார் கம்பத்திலும் சுவிட்சு எங்கே, ஏணி யாரிடம் என்று அந்தத் தெருப் பெண்களிடம் ஒரு பட்டியல் வேண்டும். வீட்டுக்குள் நின்று பார்த்தால் எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். தெருவில் இறங்கி, மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கத் தெருவுக்கு இருவர் போதும். முகாமுக்குள் மட்டும் முழு இருட்டு கூடாது. கழிப்பறைப் பாதையில் கணுக்கால் உயரத்தில், தகரத்தில் மேல்மூடி செய்து கீழே மட்டும் ஒளி விழும்படி சின்ன விளக்கு வேண்டும். அதற்குப் பக்கத்தில் இரவெல்லாம் முறை வைத்து இரண்டு பெண்கள் உட்கார வேண்டும். முகாமில் பெண்களுக்கு ஏற்படும் தொல்லையில் பெரும்பங்கு அந்தப் பாதையில்தான் நடக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியம் பதிவேடு. எங்கள் அனுபவத்தில் எந்த முகாமும் சோறில்லாமல் குலைந்ததைவிடப் பதிவில்லாமல் குலைந்ததே அதிகம். உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதும் மேசையை யோசித்துப் பாருங்கள்: ஒருவர் வாங்கிப் பேரைச் சத்தமாகச் சொல்வார், ஒருவர் எழுதுவார், மூன்றாமவர் எண்ணிச் சரிபார்ப்பார். ஆயிரம் பேர் வந்தாலும் கணக்குப் பிசகாது. முகாம் வாசலிலும் அதே மூவர். குடும்பத் தலைவர் பெயரையும் அவர் கைபேசி எண்ணையும் மட்டும் எழுதுவது போதாது. அவர் வேறு முகாமில் இருந்தால் மனைவி மக்களை யார் தேடுவது? ஒவ்வொருவர் பேருக்கும் தகப்பன் அல்லது கணவன் பேர், ஊர், தெரு. மீனாட்சி என்று மட்டும் எழுதினால் ஒரே இரவில் பத்து மீனாட்சி சேர்ந்துவிடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை பேர், கர்ப்பிணி யார், இன்சுலின், வலிப்பு, ரத்த அழுத்த மாத்திரை யாருக்கு என்று தனிக் கட்டம். யாருடைய பிள்ளை யாரோடு வந்தது என்பதற்கும் ஒரு கட்டம். பிள்ளைகளின் கையில் மையால் எண் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். துணிப்பட்டியில் எழுதித் தைத்துக் கட்டுங்கள்.

போகிறவர்களையும் எழுத வேண்டும். இது எப்போதும் விட்டுப்போகிறது. மறுநாள் மதியத்துக்குள் சொந்தக்காரர் வீடு, லாட்ஜ் என்று கூட்டம் பாதியாகக் குறையும். வெளியேறியவர் பதிவு இல்லாததால் 400 பேருக்கே வடித்துக் கொட்டுவார்கள். கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வெளியே தனி மேசையில் வைத்து, தேடி வருவோருக்குப் பதில் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். லண்டன் குண்டுவீச்சின்போது இந்த விசாரணை மேசையைப் பெண்கள்தான் நடத்தினார்கள். இடிபாட்டில் வேலை செய்பவர்களை உறவினர்கள் மொய்க்காமல் தடுத்தது அதுதான். அதன் பக்கத்திலேயே ஒரு கரும்பலகை. நேரம் போட்டு எழுதாத எந்தச் செய்தியும் அதில் ஏறக் கூடாது. வாட்ஸ்அப் வதந்திக்கு வேறு மருந்து இல்லை.

நன்கொடை பற்றி இரண்டு சொல். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலையாகக் கிடந்ததை நாடே பார்த்தது. பழைய சேலை வேண்டாம். புது உள்ளாடை, நாப்கின், துண்டு, வாளி வேண்டும். புட்டிப்பால் பவுடரை மொத்தமாக வாங்கிப் பொதுவில் விநியோகிக்காதீர்கள். கொதிக்க வைக்காத தண்ணீரும் கழுவாத புட்டியும் சேர்ந்தால் பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான். மறைப்புக் கட்டிய ஒரு மூலையும், தாய்க்கு வேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தால் தாய்ப்பால் சுரக்கும். தாய் இல்லாத குழந்தைக்கு மட்டும் நர்ஸ் சொல்படி பவுடர். திறந்த இன்சுலின் பாட்டிலை நல்ல பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஈரமணல் சுற்றிய மண்பானையில் நிழலில் வையுங்கள். பிரிட்ஜ் இல்லாத முகாமில் அதுவே கைகொடுக்கும்.

ரத்த தானத்தில் நடப்பது நேர் எதிர்க் கோளாறு. செய்தி வந்த அன்றே எல்லாரும் வரிசை கட்டுவார்கள். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைக்க முடியும், தட்டணுக்களை 5 நாள்தான். ஒரே நாளில் எடுத்தால் அடுத்த மாதம் ஆள் கிடைக்காது, ஏனென்றால் ஆண் 3 மாதம், பெண் 4 மாதம் இடைவெளி விட வேண்டும். வாரம் பிரித்துப் பட்டியல் போட வேண்டும். தவிர, கொடுக்க 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எனவே அமைதிக் காலத்திலேயே குழுக் கூட்டத்தில் ரத்தம் பரிசோதித்து இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்காமல், நெருக்கடியில் பெண்களைப் பேருந்தில் ஏற்றி ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் பலன் இல்லை.

இத்தனைக்கும் எத்தனை கை வேண்டும்? ஒரு முறைக்கு (ஷிப்டுக்கு): தலைமைச் சமையல் 2, நறுக்க, பரிமாற 8, பாத்திரம் கழுவ 4, பதிவு 3, தண்ணீர் 2, கழிப்பறை 2, முதலுதவி 2. ஆக 23 பேர். காலை 5 முதல் இரவு 9 வரை நாலு மணி நேர முறை நான்கு, இரவுக் காவல் தனி. நாளொன்றுக்கு 100 பெண்கள். குழுவுக்கு 12 முதல் 20 பேர் என்பதால் ஆறேழு குழு. மூன்றில் ஒருவர் வர முடியாது என்று கழித்தால் ஒன்பது குழு. எட்டு மணி நேர முறை போட்டால் முதல் நாள் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் நாள் யாரும் வரமாட்டார்கள். அவரவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே. பாத்திரம் கழுவும் நால்வரை ஒரே குழுவிலிருந்து எடுக்காமல் சுழற்சியில் விடுங்கள். சாதி பார்த்து அந்த வேலை ஒரே தெருவின் தலையில் விழுவது நம் ஊரில் சொல்லாமலே நடக்கும். ஆணையிலேயே எழுதித் தடுங்கள்.

கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தொண்டு என்பது ஒரு நாள் சம்பளம். பயிற்சி நாளுக்கும் பணி நாளுக்கும் படியும், காயத்துக்குக் காப்பீடும், அடையாள அட்டையும் தராமல் தாய்மார்களே வாருங்கள் என்று கூப்பிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. அட்டை இல்லாவிட்டால் சைரன் நேரத்தில் அவர்களைப் போலீஸ்காரரே திருப்பி அனுப்புவார்.

பயிற்சி கொடுக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் போரையும் இடம்பெயர்வையும் முகாம் வாழ்க்கையையும் நேரில் அறிந்த பெண்கள் இருக்கிறார்கள். எந்தக் கையேட்டையும் விட அவர்களுக்கு இது தெரியும். பார்வையாளர்களாக இல்லாமல் மதிப்பூதியத்தோடு பயிற்றுநர்களாக அவர்களை அழையுங்கள்.

அடுத்த ஒத்திகைக்கு எங்கள் வேண்டுகோள்: ஸ்ட்ரெச்சரில் படுத்து நடிக்கும் மாணவர்களோடு நிறுத்திவிடாமல், மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 100 பேரை மாலை 4 மணிக்கு இறக்கி, மறுநாள் காலை 8 வரை நிஜமாகவே தங்க வையுங்கள். இடையில் இரண்டு மணி நேரம் விளக்கணையுங்கள். அரிசி 13 கிலோ, புளிக்காய்ச்சல் 3 கிலோ, தண்ணீர் 1,500 லிட்டர், கூட்டமைப்பிலிருந்து 30 பெண்கள் போதும். காலையில் உள்ளே வந்தவர், வெளியே போனவர், வடித்தது, மிஞ்சியது என்ற நான்கு எண்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டின் மாதிரிப் படிவமும் முறைப் பட்டியலும் தயாராக இருக்கின்றன. எந்த வார்டில் தொடங்குவது என்பதை மகளிர் திட்ட அலுவலகம் முடிவு செய்து சொன்னால் அடுத்த வாரமே பயிற்சியைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
மதுரையில் பெருஞ்சமையல், முதலுதவி, முகாம் பராமரிப்புப் பணிகளில் இருக்கும் பெண்கள்